எங்கள் மென்பொருளுக்கு நற்சான்று வாங்கிய கதை

மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கு அதை எழுதுவது பாதி வேலைகூட இல்லை. அது அடுத்தவர் கணினியில் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று எழுத்தில் வாங்குவதுதான் உயிரை எடுக்கிற வேலை. இதே தொழிலில் இருந்து இதே பாட்டைப் பட்டவர்கள் இந்த இடத்திலேயே தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

காத்தான்குடி பிரதான வீதியில், ஹனிபா ஹாஜியாரின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நானும் பஸ்மியாவும்தான். நான் கல்லடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவேன், அவள் பக்கத்து ஒழுங்கையிலிருந்து நடந்து வருவாள். கடை, ஆலை, ஹோட்டல் என்று எங்கே சரக்கு வந்து போகிறதோ அங்கே அதைப் பதிந்து வைக்கிற மென்பொருளைச் செய்து விற்கிறோம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல். அங்கே புதிதாக வந்த நிர்வாகி, சான்றிதழ் இல்லாத எந்த மென்பொருளும் சீசன் தொடங்கும்போது தன் கணினிகளில் இருக்காது என்று சொல்லிவிட்டார். சான்றிதழ் தருவது இயங்குதளத்தைச் செய்த கம்பெனி. இயங்குதளம் என்பது கணினியைப் போட்டதும் முதலில் விழித்துக்கொள்கிறதே, அது. எங்களுடையது மாதிரியான மென்பொருள்கள் எல்லாம் அதன் வீட்டில் குடியிருப்பவை. வீட்டுக்காரர் நிறையச் சட்டம் வைத்திருந்தார். எங்கள் மென்பொருளைச் சோதனைக்கு அனுப்பினோம். குற்றப் பத்திரிகையோடு திரும்பி வந்தது.

ஹோட்டல் போனால் கம்பெனி போச்சு. கம்பெனி போனால் பஸ்மியா கத்தாருக்கு. அங்கே குடும்பத்தோடு இருக்கிற அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், நஸீர் அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். "சான்றிதழ் வந்தா இரிக்கன், வராட்டி வாறன்" என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அவளைப்போல ஒரு கூட்டாளி எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் அந்தக் குற்றப் பத்திரிகையை நான் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தேன்.

சொல்லாமல் போனது

முதல் குற்றம், எங்கள் மென்பொருள் வெளியேற அடம்பிடிக்கிறது என்பது. யாராவது கணினியை நிறுத்தப் போனால், "கணக்கை முடிக்காமல் போக முடியாது" என்று ஒரு பெட்டியைக் காட்டி வழிமறிக்கும். நாங்கள்தான் அப்படி எழுதியிருந்தோம், பெருமையோடு. வீட்டுக்காரர் சட்டப்படி, நான் நிறுத்துகிறேன் என்று அவர் சொன்னால் குடியிருப்பவர் பேசாமல் சாமானை எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். சரி என்று, எல்லாவற்றையும் தானே சேமித்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்படி மாற்றினோம். அதை முதலில் செங்கலடியில் அரிசி ஆலை வைத்திருக்கும் தம்பிராசா அண்ணனிடம் போட்டுப் பார்த்தோம்.

மறுநாளே அழைப்பு. அண்ணன் கணினியை நிறுத்தியிருக்கிறார், அது மளமளவென்று அணைந்துவிட்டது, அவர் கறுப்புத் திரையைப் பார்த்தபடி அன்றைய நெல் கணக்கெல்லாம் போய்விட்டதென்று உட்கார்ந்திருக்கிறார். "போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லாமப் போற ஆள எப்பிடிப் புள்ள நம்புற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் தெருமுனைக் கடைக்குப் போகிறவர்கூட போயிட்டு வாறன் என்று சொல்லாமல் படி இறங்கமாட்டார். போகும்போது வாய் திறக்கச் சட்டம் விடாது. வரும்போது பேசக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பஸ்மியா யோசித்து, மறுநாள் காலை திறந்ததும் "நேற்றைய கணக்குப் பத்திரமாக இருக்கிறது" என்று முதல் வரியில் காட்டும்படி செய்தாள். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் தானே அழைத்தார்.

"பரவாயில்ல புள்ள, போகக்குள்ள சொல்லாட்டியும் வந்த உடன சொல்லுது. எங்கட மருமகனும் அப்பிடித்தான், நாங்க பழகிற்றம்."

ஒரு மேசை, இரண்டு பேர்

ஒரே கணினியில் இரண்டு பேர் தத்தம் பெயரில் நுழைந்தால் இருவருக்கும் மென்பொருள் வேலை செய்ய வேண்டும் என்பது இன்னொரு சட்டம். எங்களுடையது ஒருத்தர் திறந்து வைத்திருந்தால் அடுத்தவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பாசிக்குடா ஹோட்டலின் வரவேற்பு மேசையில் காலையில் நிரோஷா, பின்னேரம் ரிஸ்வான். நிரோஷா தன் பக்கத்தை மூடாமல் வாழைச்சேனை பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். ரிஸ்வான் மேசைக்கு முன்னால் வெள்ளைக்காரர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, அவளுக்குப் போன் எடுத்துக் கடவுச்சொல் கேட்பான். பஸ்ஸில் நின்றபடி, சனம் கேட்க அவள் எப்படிச் சொல்வாள்? ஏச்சுத்தான் சொல்வாள். இவ்வளவும் நடந்துகொண்டிருந்திருக்கிறது, எங்களுக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை.

திருத்தியதைச் சோதிக்க இருவரும் ஒரே நேரத்தில் மேசையில் வேண்டும். நிரோஷா வேலை முடிந்த பிறகும் தானாகவே நின்றாள். பஸ் போய்விட்டது. பிறகு ஓட்டோ பிடித்துத்தான் வீட்டுக்குப் போனாள், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் பக்கத்தில் ஒரு பதிவு, அவன் பக்கத்தில் ஒரு பதிவு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் ஒன்றோடு மோதவில்லை. ரிஸ்வானுக்கு மட்டும் முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"எல்லாம் நல்லந்தான் அக்கா. ஆனா பின்னேரத்தில நிரோஷாட ஏச்சு இல்லாம நான் எப்பிடித் தூங்காம இரிக்கிற?"

பெருநாள் சனத்துக்கு நடுவே

குடி எழும்புகிறவர் வீட்டைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அடுத்த சட்டம். மென்பொருளை நீக்கினால் அது வைத்த ஒரு துரும்பும் மிஞ்சக் கூடாது. எங்கள் பழைய மென்பொருளோ போகும்போது பாதிச் சாமானை விட்டுப் போகிற ரகம். பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டுப் பார்க்க ஒரு கணினி தேவைப்பட்டது. ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும், எங்களுக்கு அக்கா மாதிரியான சரீனா ராத்தா, பெருநாள் வியாபாரம் தலைக்கு மேலே இருந்தும், "காலம வாங்க, சனம் வாறதுக்கு முதல்ல முடிங்க" என்று தன்னுடையதைத் தந்தார். நீக்கினோம், போட்டோம், வேலை செய்தது. சந்தோஷமாகக் கிளம்பிவிட்டோம்.

தன்னாமுனையைத் தாண்டுவதற்குள் போன். துணிகளில் ஒட்டுகிற விலைச்சீட்டை ராத்தா வேறொரு மென்பொருளில் அடிக்கிறவர். அதில் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் சதுரக் கட்டங்களாக வந்துவிட்டது. விஷயம் இதுதான்: தமிழ் எழுத்துருவை அந்தக் கணினியில் முதலில் போட்டவர்கள் நாங்கள். நாங்கள் போட்டது எங்களுடையதுதானே என்று எங்கள் துப்புரவு வேலை அதையும் வாரிக்கொண்டு போய்விட்டது. எங்கள் புதிய மென்பொருள் எழுத்துருவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பிப் போனோம். கடை நிறையச் சனம். ராத்தா பேனாவால் விலைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

எழுத்துருவைத் திருப்பிப் போடச் சில நிமிடம்தான் ஆனது. ஆனால் பஸ்மியா உடைந்துபோனாள். துணிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று, "ஏலா அக்கா, நான் காக்காட்ட வாறன் எண்டு சொல்லப்போறன்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ராத்தா இரண்டு பிளேன்டீயை எங்கள் கையில் தந்துவிட்டு, சனத்தைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். அந்த நேரத்தில் அவர் எங்களை விரட்டியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"வீட்ட விட்டுப் போறவங்க தங்கட சாமானத் தூக்கிப் போகட்டும், ஏன் கா என்ட அம்மியையும் தூக்கின? அழுதது காணும். உள்ளுக்கு மகன்ட கொம்பியூட்டர் ஒண்டு இரிக்கி, அதில மறுகா ஒருக்காச் செஞ்சு பாருங்க."

பட்டன், பட்டன், பட்டன்

கண் தெரியாதவரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருந்தது, இருந்ததற்கு நன்றி. பார்வையில்லாத ஜெயராஜ் அண்ணன் மட்டக்களப்பில் கணினி வகுப்பு நடத்துகிறார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஒரு கருவிதான் அவருக்குக் கண். கேட்டவுடன் வந்து, எங்கள் செங்குத்துப் படியில் ஏறி, உட்கார்ந்து காதைக் கொடுத்தார். அழகழகான படங்களால் செய்த எங்கள் பொத்தான்களை அந்தக் கருவி "பட்டன், பட்டன், பட்டன்" என்று வாசித்துக்கொண்டே போனது. எதற்கும் நாங்கள் பெயர் எழுதி வைத்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து முடித்த பிறகு அவரை மறுபடி அழைத்தோம். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு முழு பில்லை அவரே போட்டு அச்செடுத்து என் கையில் தந்தார். இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட நாள்களில் அதுதான் முதலாவது. ஆனால் முதல் நாள், பட்டன் பாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி, உங்கட வீட்டில எல்லாப் புள்ளைக்கும் ஒரே பேரா வைக்கிற?"

கீழே மணி அடித்தது

ராத்தாவின் மகனுடைய கணினியில் துப்புரவும் சரிவந்து, குற்றமெல்லாம் திருத்தியாயிற்று. கடைசியாக, மென்பொருளில் எங்கள் கம்பெனியின் பெயரைப் பதிக்க வேண்டும். அதற்கு முன் அந்தப் பெயரில் உண்மையாகவே ஆட்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்க வெளிநாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது. நாங்கள் தருகிற நம்பருக்கு அவர்கள் அழைக்கமாட்டார்கள். பொதுப் பட்டியலில் கம்பெனிக்கு என்ன நம்பர் இருக்கிறதோ அதற்குத்தான். பட்டியலில் இருந்தது ஹனிபா ஹாஜியாரின் கடை நம்பர். கம்பெனி தொடங்கியபோது எங்களுக்கென்று ஒரு போன் இல்லாததால், அவர்தான் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அழைப்பு வந்த அன்று நாங்கள் இருவரும் பாசிக்குடாவில். சீசன் தொடங்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம்தான் இருந்தது. திரும்பி வந்து படியில் கால் வைக்கும்போது ஹாஜியார் கூப்பிட்டு, ஒரு வெள்ளைக்காரன் போன் எடுத்தான், பேசினேன் என்றார். ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடை என்று அவர் சொல்லியிருந்தால் எங்கள் கதை முடிந்தது. பஸ்மியா மேசையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னீங்க என்று கேட்டாள். ஹாஜியார் சவூதியில் பல வருஷம் ஸ்டோர் பார்த்தவர், அவருக்கு இங்கிலீஷுக்கு ஒரு பயமும் இல்லை. கையிலிருந்த பைப் துண்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இந்தக் கொம்பனி உண்மையா இரிக்கா எண்டு கேட்டான். என்ட தலைக்கு மேல அந்த ரெண்டு புள்ளையளும் நடக்கிற சத்தம் ஒவ்வொரு நாளும் கேட்குது, இதுக்கு மேல என்ன உண்மை வேணும் எண்டு கேட்டன். சிரிச்சான். நாளைக்கு எடுக்கிறன் எண்டான்."

கத்தாருக்கு ஓர் அழைப்பு

மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு அந்த ஆள் போன் எடுத்தார். ஹாஜியார் கடையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, தன் வயரில்லாத போனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து பஸ்மியாவிடம் தந்தார். அவள் பெயர், என் பெயர், என்ன செய்கிறோம், அவ்வளவுதான் அந்த ஆள் கேட்டார். பெயரைப் பதித்து மறுபடி சோதனைக்கு அனுப்பினோம், சீசன் தொடங்குவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை, சான்றிதழ் வந்தது. நிரோஷாவும் ரிஸ்வானும் ஹோட்டல் கணினிகளில் புதிய மென்பொருளைப் போட்டுவிட்டு, நிர்வாகி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவர் பாராட்டு என்று செய்தி அனுப்பினார்கள். செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் ஜெயராஜ் அண்ணனுக்கும் நான் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுப் பிள்ளை பாஸானது மாதிரி சத்தம் போட்டார்கள்.

பஸ்மியா மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். கத்தாரில் அவளுக்காக ஓர் அறையைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். பிறகு காக்காவுக்கு எடுத்தாள், நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "காக்கா, சான்றிதழ் வந்திற்று. நான் வரல்ல" என்றாள். நஸீர் கோபிப்பார் என்று இருவரும் பயந்துகொண்டிருந்தோம். அவர் கேட்டதோ வேறொன்று.

"அல்ஹம்துலில்லாஹ். அதே இடத்தில கேட்டு எனக்கும் அப்பிடி ஒண்டு எடுத்துத் தர ஏலுமா தங்கச்சி? நானும் ஊருக்கு வந்திருவன்."

என் தொழில் தோழர்களே, சோதனைக்குப் போனது எங்கள் மென்பொருள், அதற்காகப் பாடுபட்டவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள், ஆனால் சான்றிதழில் அவர்களில் ஒருவருடைய பெயரையும் போட இடம் விடவில்லை அந்த வீட்டுக்காரர்.