வீட்டுக்குப் போய்ச் சொன்ன விழா

வேலணையில் புகையிலையும் வெங்காயமும் பயிரிடுகிற குலசிங்கத்துக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. சமாதானம் என்று பாதைகள் திறந்திருந்த இரண்டாயிரத்து மூன்றில், தீவுப் புலவர்கள் கட்டிய பாட்டுகளைத் தீவுச் சனமே மேடையேறிப் பாடுகிற விழா வைப்போம் என்று கிளம்பியவரும் அவர்தான். ரிக்கற் இல்லை, வேலை செய்தவர்களுக்குக் கூலியும் இல்லை. லான்ட்மாஸ்ரர் உழவுமிசினில் ஒலிபெருக்கியைக் கட்டி, தீவின் மறுகோடியில் இருக்கிற ஊர்காவற்றுறைவரை "எல்லாரும் வாருங்கோ" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை, விழாவுக்கு இரண்டு நாள் இருக்க, ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து வின்சன்ற் வந்தான்.

"அண்ணை, மாமி பாட வரமாட்டாவாம்."

மாமி என்றது அல்போன்சம்மாவை. தகப்பன் கட்டிய கூத்துப் பாட்டுகளை மேடையில் பாடுவார் என்று குலசிங்கம் நம்பியிருந்தவர். அவர் வராவிட்டால் கரையிலிருக்கிற மீன்பிடிச் சனம் ஒன்றும் வராது. பிறகு அது வேலணை விழா, தீவு விழா இல்லை.

"ஏனாம்?"

"றோட்டிலை கத்திக்கொண்டு போனதை அழைப்பெண்டு எடுக்கேலாதாம். மீன் விக்கிறவனும் அப்பிடித்தான் கத்துறவனாம்."

குலசிங்கத்துக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சொல்லாத கலியாணம் எதற்கும் அவர் போனதில்லை. அப்படிப்பட்ட மனிசன் இப்படிச் செய்திருக்கிறார். சைக்கிளை எடுத்தார்.

வேலிப் படலைக்கு அப்பால், அல்போன்சம்மா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வாரும் குலசிங்கம். மைக் எங்கை?"

"வீட்டை வந்து சொல்ல வந்தனான், அக்கா."

"உங்கட ஆக்கள் படலையிலை நிண்டுதானே சொல்லுறவை. சொல்லிப்போட்டுப் போம்."

பொய்யில்லை. குலசிங்கத்தின் தகப்பன் கரையில் எந்த வீட்டிலும் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. குலசிங்கம் படலையைத் திறந்து உள்ளே போனார். குசினி வாசலில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"முதல்லை தேத்தண்ணி ஊத்துங்கோ. சீனி கூடப் போடுங்கோ."

அல்போன்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாணும் மீன்குழம்பும் கிடக்கு. தின்னுவீரோ?"

"இண்டைக்கு வெள்ளி, அக்கா. விழா முடிய வந்து தின்னுறன்."

"ஓம், பாப்பம். மற்ற வீடுகளுக்கு ஆர் சொல்லுறது?"

பொழுது சாய்வதற்குள் அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டையும் விடவில்லை. சைக்கிள் மிதிக்கையில் வயிற்றில் தேத்தண்ணி குலுங்கியது.

ஞாயிறு பின்னேரம் உழவுமிசின் பெட்டி நிறையக் கரைச்சனம் வந்து இறங்கியது. மேடை ஏறிய அல்போன்சம்மா இறங்குகிற யோசனையே இல்லாமல் பாடினார். விழாச் செயலாளர் பரராசசிங்கம் குலசிங்கத்தின் காதுக்குள் குனிந்தார்.

"உம்மட தலைமையுரை?"

"அதை விடும். கதிரை காணாது, பாய் எடுத்து வாரும்."

மீன்குழம்பை அவர் மறக்கவில்லை. அன்றிரவே போய் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றார்.