எடை அட்டையில் இறங்கிய புள்ளி

கோல சிலாங்கூர் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி என் மகளின் எடை அட்டையில் வைத்த புள்ளி, போன மாதப் புள்ளிக்குக் கீழே விழுந்தது. இருநூறு கிராம் குறைவு. அவளுக்கு ஏழு மாதம்.

"ஒரு வாரம் கழிச்சுக் கொண்டாங்க டீச்சர். இன்னும் இறங்கியிருந்தா கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்" என்றார் மிஸ்ஸி.

எஸ்டேட் பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன். பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்; என் பால் வற்றிவிட்டது.

அப்போது தபால் வழியாகப் பேயிசியன் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம் கணக்கில் அடங்காத அளவு சிக்கலாக இருந்தால், அதற்கு மிக நெருக்கமான எளிய மணி வடிவ வளைவு ஒன்றைப் பொருத்திக்கொண்டு மேலே போகலாம் என்றது பாடம். ஆனால் உண்மைக்கு இரண்டு மேடுகள் இருந்தால், அந்த மணி ஏதாவது ஒரு மேட்டின்மேல் மட்டும் உட்கார்ந்துவிடும். மற்றது இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த வரியைப் பரீட்சைக்காக அடிக்கோடிட்டிருந்தேன்.

வாரம் முழுக்க மகளின் விலா எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர், "நீ கணக்கு டீச்சரா, குறி சொல்றவளா?" என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் நாள் சுங்கை பெசாரிலிருந்து மாமியார் வந்தார். குழந்தையைத் தூக்கியதும் முகம் சுளித்தார்.

"என்னம்மா, பிள்ளையை மூளியா விட்டிருக்கே? அரைஞாண் எங்கே, தண்டை எங்கே?"

"வேர்க்குரு அத்தை. போன மாசம் கிளினிக் போய் வந்ததும் கழற்றி வச்சிட்டேன்..."

சொல்லி முடிக்கும் முன்பே எடை அட்டையைத் தேடி எடுத்தேன்; போன மாதம் அவளை நகையோடுதான் நிறுத்திருந்தார்கள்.

மறுநாள் தராசில் முதலில் வெறும் உடம்போடு படுக்க வைத்தோம். போன வார எடையேதான். பிறகு வெள்ளி அரைஞாணும் தண்டையும் போட்டு நிறுத்தோம். நூற்றைம்பது கிராம் கூடியது.

"நகைதான் டீச்சர்! கிள்ளானெல்லாம் வேணாம்லா" என்று மிஸ்ஸி சிரித்தார்.

"மீதி ஐம்பது?"

"தராசு முள்ளு ஆடுற ஆட்டம்."

இருக்கலாம். ஆனாலும் ஒரு மாதமாக அவள் ஏறவில்லையே. பாலும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். இந்த முறை எந்த மேட்டிலும் உட்காரத் துணியவில்லை. வீட்டுக்கு வந்து, அட்டையில் அந்தப் புள்ளியின்மேல் பென்சிலால் மேலும் கீழுமாக ஒரு சிறு கோடு இழுத்தேன்.

அடுத்த மாதம் மிஸ்ஸி கேட்டார்: "இது என்ன கோடு டீச்சர்?"

"எனக்குத் தெரியாத அளவு" என்றேன், குழந்தையின் தண்டையைக் கழற்றியபடி.