நன்றி வரியில் என் பெயர்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டரில் அந்த ஆய்வுக் கட்டுரை மேலிருந்து மெல்ல மெல்லத் திறந்தது. தலைப்பின் கீழ் என் தோழியின் பெயர், அடுத்து எங்கள் பேராசிரியர் பெயர். என் பெயர் கடைசிப் பக்கத்தில், தொடக்க உதவிக்கு நன்றி சொல்லும் வரியில் இருந்தது.

நானும் அவளும் ஒரே தெரு. இருவரின் அப்பாக்களும் ஒரே பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார்கள். பள்ளியில் ஒரே பெஞ்சு. பிறகு பெங்களூரில் ஒரே ஆராய்ச்சி அறை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மங்கலான நட்சத்திரம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை அது சுற்றிக்கொண்டிருந்தது. கருந்துளையாக இருக்கலாம் என்று சந்தேகம். ஆனால் பெரிதாக எதையும் விழுங்காததால் அது அமைதியாகக் கிடந்தது. நட்சத்திரத்தின் ஒளியை நிறம்நிறமாகப் பிரித்தால் நடுவே கருங்கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அவை நீலத்தை நோக்கியும், விலகும்போது சிவப்பை நோக்கியும் நகரும். அந்த நகர்விலிருந்து வேகம், வேகத்திலிருந்து மறைந்திருப்பதன் எடை. அந்தக் கோடுகளை எல்லாம் அளந்தது நான். கணக்கைச் சரிபார்த்தது அவள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அனைத்தையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கட்டுரை வெளிவந்த பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் கிடந்த அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க ரெண்டு பேரு பேரும் வந்திருக்குதாம்மா?" என்று குழறினார்.

"வந்திருக்குது மாமா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

வாசலில் நிறுத்திக் கேட்டேன். "ஏன்டி இப்படிப் பண்ண?"

"நீ திரும்பி வரமாட்டன்னு சாரு சொன்னாரு. அவருதான் பேர எடுக்கச் சொன்னாரு." செருப்பை மாட்டியபடி நின்றாள். "நான் வேணாம்னு சொல்லல."

பேராசிரியர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் செய்தது வேறு. அப்பாவிடம் அவ்வளவு எளிதாகப் பொய் சொல்ல அவளால் முடிந்தது. அவர் நம்பிய அந்தப் பொய்யை அவர் போகும்வரை நானும் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது அவள் வெளிநாட்டில் பேராசிரியை. நான் பக்கத்துக் கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். நாங்கள் கண்ட எடை இன்றும் சரியாகவே இருக்கிறது. சென்ற வாரம் அதைப் பாடமாக நடத்தியபோது ஒரு மாணவி, "யாரு மிஸ் கண்டுபிடிச்சாங்க?" என்றாள். என் தோழியின் பெயரைச் சொன்னேன். நம்ம ஊர்ப் பெண் என்றதும் வகுப்பே கைதட்டியது. சத்தம் அடங்கும்வரை திரும்பி நின்று கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன்.