அவருக்காகச் சீட்டெடுத்தவர்கள்

என் கணவர் தேத்தண்ணியை விட்டவர். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதர் தேத்தண்ணியை விடுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. வுப்பர்டாலில் அகதி விடுதியில் நாங்கள் இருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு அமெரிக்க இளைஞர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். வேறு ஒருவரும் எங்கள் கதவைத் தட்டாத காலம் அது. அவர்கள் வழியாகத்தான் நாங்கள் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தோம். அந்தச் சபையில் கூடாது என்பதால் தேத்தண்ணி, கோப்பி, அவருடைய சுருட்டு எல்லாம் ஒரே கிழமையில் போயின. கத்தோலிக்கராகவே இருந்துவிட்ட எங்கள் சொந்தங்கள், "இருக்கிற வேதம் காணாதெண்டு புது வேதம் தேடினவை" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். இவ்வளவையும் விட்ட மனிதர், ஒரு சொல்லை மட்டும் விடமாட்டேன் என்று நின்றதுதான் என் கதை.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வருடம் ஞாயிறு வகுப்பில் சபையின் ஆரம்ப காலத்தைப் படித்தோம். அமெரிக்காவில் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் சபையின் முதல் தலைவரோடு சிலர் முரண்பட்டார்கள். அவர் பல பெண்களை மணக்கிறார், புதுப் போதனை சொல்கிறார் என்றார்கள். சபை அவர்களை விலக்கியது. அவர்கள் ஒரு பத்திரிகை அச்சடித்தார்கள். ஒரே ஒரு இதழ்தான் வந்தது. அந்தத் தலைவரே மேயராக இருந்த நகர சபை உத்தரவிட, ஆட்கள் போய் அச்சு யந்திரத்தை உடைத்து, எழுத்துகளைத் தெருவில் கொட்டினார்கள். "விசுவாசத்தை விட்ட துரோகிகளின் முடிவு இது" என்று சொல்லி ஆசிரியை பக்கத்தைத் திருப்பினார்.

என் கணவர் கையை உயர்த்தினார். அவர் யாழ்ப்பாணத்தில் அச்சுக் கோத்தவர். அவர் வேலை செய்த அச்சகத்தை ஒரு நாள் எரித்தார்கள். எரித்தவர்கள் யார் என்று சொல்லி இப்போது ஒருவருக்கும் லாபம் இல்லை. அவரைத் துரோகி என்றார்கள், நாங்கள் ஜேர்மனிக்கு வந்தோம், அவ்வளவுதான். தன் உடைந்த ஜேர்மனில் அவர் வகுப்பில் சொன்னார்: "அச்சகத்தை உடைத்தது பிழை. அவர்கள் துரோகிகள் இல்லை."

ஒரு தரம் சொல்லிவிட்டு இருந்திருந்தால் எல்லாரும் மறந்திருப்பார்கள். அடுத்த கிழமையும் சொன்னார். பிறகு மேடையில் ஏறி எல்லோருக்கும் முன்னால் சொன்னார். எங்கள் பிஷப் வீட்டுக்கு வந்தார். எங்கள் சபையில் பிஷப் என்றால் சம்பளம் வாங்கும் குருவானவர் அல்ல. அவர் வீடுகளுக்கு ஹீற்றர் பூட்டுகிறவர், எங்கள் ஹீற்றரையும் சும்மா திருத்தித் தந்தவர், நல்ல மனிதர். "மனதில் என்னவும் நினையுங்கள், மேடையில் மட்டும் சொல்லாதீர்கள்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவர் போன பிறகு என் கணவர் என்னைப் பார்த்து, "மனதிலை வைச்சிருக்கிறதெண்டால் நான் ஊரிலையே இருந்திருப்பனே" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் மூத்தவளின் கலியாணம் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சபையில் வளர்ந்த ஜேர்மன் பையன். நகர அலுவலகத்துப் பதிவுக்கு யாரும் வரலாம், ஆனால் அது எங்கள் மகளுக்கு வெறும் கையெழுத்து. உண்மையான கலியாணம் பிராங்பேர்ட் பக்கத்தில் உள்ள ஆலயத்தில். பிஷப் கேள்வி கேட்டுத் தரும் அனுமதி அட்டை உள்ளவர்கள் மட்டுமே அதற்குள் போகலாம். சாட்சிகளாக இரண்டு பேர் இருப்பார்கள். வழக்கமாக அது இரண்டு தகப்பன்மார்.

"எப்பவோ செத்த வெள்ளைக்காரருக்காகப் பெத்த பிள்ளையின்ரை கலியாணத்தை விடப்போறியளோ?" என்று கேட்டேன்.

"செத்தவைக்காக ஆலயத்திலை ஞானஸ்நானமே எடுக்கிறம். ஒரு சொல் சொல்லக்கூடாதோ?" என்றார்.

பிடித்த முயலுக்கு மூன்று கால்.

கடைசியில் சபை விசாரணைக்குப் பக்கத்து நகரமான டோர்ட்முண்டுக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு ஆண்கள் இருந்து விசாரிப்பார்கள் என்று பிஷப் சொன்னார். ஒரு காரியம் கேட்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? விடியவே எழும்பி, மாவுக்குள் மீன் வைத்து மடித்துப் பற்றிஸ் பொரித்து, பெரிய பெட்டி நிறையக் கொண்டுபோனேன். வாசலில் நின்ற கிழவர் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. அன்று அவர்கள் எல்லோரும் உபவாசமாம். என் கணவருக்காகத்தான் சாப்பிடாமல் ஜெபித்தார்களாம். பொரித்த மணம் அந்த நடை முழுக்கப் பரவ, நான் பெட்டியை மடியில் வைத்தபடி வெளியே இருந்தேன். வெட்கமாக இருந்தது.

உள்ளே நடந்ததை அவர், வுப்பர்டாலுக்குத் திரும்பி, ஆற்றுக்கு மேலே தொங்கி ஓடும் ரயிலில் வீட்டுக்கு வரும்போது சொன்னார். பன்னிரண்டு பேரும் முதலில் சீட்டெடுத்தார்களாம். அது சபையின் ஆரம்ப காலத்திலிருந்து வருகிற வழக்கம். பாதிப் பேருடைய சீட்டு, விசாரிக்கப்படுகிறவருக்கு அவமதிப்போ அநியாயமோ நடக்காமல் பார்க்கும் சீட்டு. அவர் பக்கம் விழுந்தவர்களில் ஒருவர், இந்த மனிதருடைய அச்சகத்தை எரித்திருக்கிறார்கள், அதை மறந்து நாம் தீர்க்கக்கூடாது என்று கண் கலங்கச் சொன்னாராம்.

"ஊரிலை எனக்காக ஒருத்தரும் சீட்டெடுக்கேல்லை," என்றார் என் கணவர். அதைச் சொல்லும்போது அவருக்குச் சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது.

சீட்டு நல்லாய் விழுந்ததுதான், தீர்ப்பு நல்லாய் விழவில்லை. ஒரு வருடத்துக்கு அவர் மேடையில் பேசக்கூடாது, வகுப்பில் வாய் திறக்கக்கூடாது, திருவிருந்தில் அப்பமும் தண்ணீரும் எடுக்கக்கூடாது. அனுமதி அட்டையை அங்கேயே வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு ஞாயிறுகளில் அப்பத் தட்டு வரிசையாகக் கைமாறி வரும்போது அவர் அதை வாங்கி, எடுக்காமல், என்னிடம் நீட்டுவார். எங்கள் வரிசையில் எல்லோரும் தங்கள் முழங்காலைப் பார்ப்பார்கள்.

மகள் கலியாணத்தைத் தள்ளிவைப்போம் என்று அழுதாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னாலை பிந்தக்கூடாது, பிள்ளை" என்றார்.

ஆலயத்தின் வெளித் தோட்டத்தில் அவரையும் சின்ன மகளையும் விட்டுவிட்டு நான் உள்ளே போனேன். சின்னவளுக்குப் பதினாலு வயது, அவளுக்கும் அனுமதி இல்லை. சாட்சியாக அவர் இருக்கவேண்டிய கதிரையில் பிஷப் இருந்தார். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. என் மகள் அவ்வளவு வடிவாக இருந்தாள். நான் அவளைப் பார்க்கவா, அந்தக் கதிரையைப் பார்க்கவா?

திரும்பி வரும்போது சின்னவள் பின் சீட்டில் நித்திரை. கார் ஓட்டிக்கொண்டிருந்தவர், பாதி வழியில் சீகன் நகரம் தாண்டியதும், "பிள்ளை என்ன சொன்னவள்? அழுதவளோ?" என்று கேட்டார்.

ஆலயத்துக்குள் நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் பழக்கம். அன்று எனக்கு எந்தப் பழக்கமும் வேண்டியிருக்கவில்லை. அவள் முழங்காலில் நின்றதிலிருந்து ஒன்றும் விடாமல் சொல்லப்போகிறேன் என்று வாயைத் திறந்தேன்.

அவர் கையைக் காட்டி மறித்தார். "வேண்டாம், சொல்லாதையும். நான் கேட்டது பிழை. உம்மடை அட்டையையும் வாங்கிப்போடுவாங்கள்."

"வாங்கட்டும்," என்றேன். "வருஷம் முடிய உங்கட அட்டை வரும்தானே."

அவர் கண்ணாடியில் சின்னவளைப் பார்த்தார். "வராது," என்றார். "வருஷம் முடியவும் நான் அச்சகத்தை உடைச்சது பிழையெண்டுதான் சொல்லுவன். இவளின்ரை கலியாணத்துக்கு நீர் ஒராள் எண்டாலும் உள்ளுக்கை நிக்கவேணும்."