தாய்மாமன் போட்டுக்கொண்ட ஊசி

செந்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறான் பூவரசன். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்லீங்க, ஆம்பளைங்க மேலதான்" என்பான். கேட்டவர்தான் பேச்சை மாற்றிக்கொண்டு போவார்.

அப்படிப்பட்டவன், அரியலூர் ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவின் வாசலில் மட்டும் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"நெழல்லதானே இருக்கீங்க, துண்டு எதுக்கு?" என்று கேட்டார் நர்ஸ் ஹேமலதா. இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. "பி வகை மஞ்சக்காமால உடலுறவு மூலமாவும் தொத்தும். ஆம்பளைங்களோட உறவு வச்சிருக்கறவங்க கட்டாயம் தடுப்பூசி போட்டுக்கணும். மொத்தம் மூணு. கடைசி ஊசிக்குத்தான் ஆறு மாசம் ஆவும், மறந்துடாதீங்க."

இரண்டாவது ஊசிக்குப் போனபோது, துண்டையும் மீறி அவனை அடையாளம் கண்டுகொண்டார் அவன் சொந்த ஊரான குன்னத்தைச் சேர்ந்த ஒருவர். தடுப்பூசி என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோக, பூவரசனுக்கு நோய் என்று ஊருக்குள் போய்ச் சேர்ந்தது செய்தி.

தங்கை வேணி போன் செய்தாள். அவள் மகள் பூவிழிக்குக் காதுகுத்து.

"அண்ணே, நீ வா. ஆனா புள்ளைய மடியில வச்சுக்க... பெரியப்பா மவன் கண்ணையன் ஒக்காரட்டும்னு இவரு சொல்றாரு."

"நீ என்ன சொல்ற?"

மறுமுனையில் அவள் பிள்ளையைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தாள்.

"தோடு எடுத்து வச்சிருக்கேன். வரேன்."

செல்லியம்மன் கோயிலில் பாய் விரித்து, கண்ணையன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பத்தர் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன் யாருங்க?" என்றார்.

"நான்" என்று முன்னால் வந்தான் பூவரசன். "எந்திரிடா கண்ணையா."

வேணியின் கணவன் பஞ்சநாதன் குறுக்கே வந்தான். "மச்சான், பச்சப்புள்ள. ஒங்களுக்கு இருக்கறது அதுக்கு ஒட்டிக்கிட்டா?"

"எனக்கு என்ன இருக்கு, மாப்ள? எல்லாரும் கேக்கட்டும், சொல்லுங்க."

பஞ்சநாதன் கையிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்.

"நானே சொல்றேன். நான் ஆம்பளைங்களோட பழகுறவன். நோய் வரக் கூடாதுன்னு ஊசி போட்டுக்கிட்டேன். அதே ஊசியத்தான் ஒங்க மவளுக்குப் பொறந்த அன்னைக்கே போட்டாங்க. அட்டையில இருக்கு, எடுத்துப் பாருங்க. அவ எவனோட சுத்திட்டு வந்தான்னு போட்டாங்களாம்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இருந்தாலும்..." என்று இழுத்தான் பஞ்சநாதன்.

வேணி அவன் கையிலிருந்த பிள்ளையைப் பிடுங்கினாள். "எந்திரிடா கண்ணையா! எங்கண்ணன் உசுரோட இருக்கறப்ப ஒனக்கென்ன இங்க வேல?"

"நானா ஒக்காந்தேன்? ஒம்புருசன் ஒக்காருன்னாரு, ஒக்காந்தேன்" என்று எழுந்தான் கண்ணையன்.

பூவரசன் உட்கார்ந்தான். கம்பி இறங்கியதும் பூவிழி வீறிட்டு அலறி, அவன் புது வேட்டியை நனைத்தாள். தோட்டைத் திருகும்வரை அவன் அசையவில்லை. பஞ்சநாதன் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றான்.

மூன்றாவது ஊசிக்குப் போன அன்று பூவரசன் துண்டே எடுத்துப் போகவில்லை. தூணைத் தாண்டி வந்து, பால்வினை நோய்ப் பிரிவு என்று பெரிதாக எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அந்தக் குன்னத்துக்காரர் அன்றைக்கும் வந்திருந்தார். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்.

"அண்ணே!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான் பூவரசன். "இன்னைக்கு மூணாவது ஊசிண்ணே! போன தடவ மாதிரி பாதிய முழுங்கிடாம ஊர்ல முழுசாச் சொல்லுங்க!"