பையை எடுக்கிற வீடு

1. மூன்று புத்திமதிகள்

மாத்தளைச் சேகரத்தில் உபதேசியாராக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மூன்று புத்திமதிகள் சொன்னார். அட்டைக் கடிக்குச் சவர்க்காரத்தை, அதுதான் சோப்பை, காலில் தேய்த்துக்கொள். குடையை எந்த வீட்டிலும் மறந்து வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதே. பிரசங்கத்தைப் பற்றியும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மனுஷன் கை குலுக்கிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

இப்போது நானும் ஓய்வுபெற்று டவுனில் சும்மா இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சில பேர் வீட்டுக்கு வந்து, "பிரசங்கத்துக்கு எப்படிங்கய்யா தயார் பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் மெதடிஸ்த சபையில் ஒரு சேகரத்துக்குள் பல சின்ன ஆலயங்கள் இருக்கும். ஐயர் என்று நாங்கள் அழைக்கிற குருவானவர் ஒருவர்தான். அதனால் எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் பிரசங்கம் என்று முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் பிளான். பிளானில் பேர் விழுந்துவிட்டால் மழை, காய்ச்சல், பஸ் ஸ்ட்ரைக் எதுவும் சாக்காகாது. ஒரு ஞாயிறு கலேவெலயில் வெயிலில் வேக வேண்டும், மறு ஞாயிறு யட்டவத்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மழையில் ஊற வேண்டும். இரண்டுக்கும் ஒரே குடைதான். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் முற்றத்தில் மிளகு காய்கிற வாசம் வருமே, அது மட்டும் மூக்கில் பட்டால் நான் மறுபடியும் கிளம்பிவிடுவேன். முழங்கால்தான் சம்மதிக்கமாட்டேன் என்கிறது.

2. சலோமியின் முறை

யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் எங்களுக்கு ஓர் ஆலயம் இருந்தது. முன்பு அது புள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். தொட்டில் கட்டின கொக்கிகள் இன்னும் கூரையில் தொங்கின. அவற்றுக்குக் கீழே நின்றுதான் பிரசங்கம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை முடிந்து நான் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுப்பேன். அன்றைக்கு யார் வீட்டு முறையோ அவர்கள் வந்து என் வேதாகமப் பையை வாங்கிக்கொள்வார்கள். பை எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டில் எனக்கு மதியச் சோறு. அதில் அந்த வீட்டுக்கு லயத்திலே, தொழிலாளர் வரிசை வீடுகளிலே, ஒரு மதிப்பு. முறை வைத்து நடத்தியவர் சபை மூப்பர் ஞானமுத்து, ஓய்வுபெற்ற கங்காணி. நல்ல மனுஷன்தான். மழை நாளில் எனக்காகச் சந்தி வரைக்கும் இறங்கி வந்து நிற்பார். ஆனால் மேல் டிவிஷனில் அவர் வைத்ததுதான் சட்டம்.

கடைசி பெஞ்சில் சலோமி என்று கொழுந்தெடுக்கிற பெண் ஒருவர், மகள் ஜெனியோடு உட்கார்ந்திருப்பார். பாட்டுத் தொடங்கினால் முதல் குரல் அவருடையது. ஒரு வருஷத்துக்குள் நான் எல்லா வீட்டிலும் சாப்பிட்டு முடித்துவிட்டேன், சலோமியின் வீட்டைத் தவிர. மூப்பரிடம் கேட்டேன்.

"அது சரிவராதுங்கய்யா. புருஷங்காரன் இந்து. வீட்டுல சாமிப் படம் மாட்டியிருக்கான்."

"ஒங்க தம்பி வீட்டு மருமகளும் இந்துதானே மூப்பரே? படத்துக்குக் கீழதான் ஒக்காந்து சாப்புட்டேன்."

"அது வேறங்க" என்று பேச்சை முடித்துவிட்டார்.

என்ன வேறு என்பது எனக்குத் தெரியும். சலோமியின் கணவர் முனியாண்டி, திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு மேளம் அடிக்கிறவர். சாமிப் படம் சும்மா ஒரு சாக்கு. எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று அப்போதுதான் தொண்டை கிழியப் பேசிவிட்டு வந்திருந்தேன்.

அந்த மாதமே, தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சலோமி என்னை வழிமறித்தார்.

"நா குவைத்துக்குப் போறேங்கய்யா, வீட்டு வேலைக்கு. நீங்க அடுத்து வர்ற ஞாயிறுதான் எனக்கு இங்க கடைசி."

"அப்ப ஜெனிய யாரும்மா சர்ச்சுக்குக் கூட்டிட்டு வருவா?"

"அதத்தாங்க சொல்ல வந்தேன். அவரு அனுப்பமாட்டேங்கிறாரு. 'நம்ம வீட்டுச் சோறு ஒங்க சபைக்கு எறங்காதுன்னா எம்புள்ள மட்டும் அங்க எதுக்கு'ன்னு கேக்குறாரு. நா என்னங்க பதில் சொல்றது? கேக்குறது ஞாயந்தானே? நா இருந்தா எப்பிடியாச்சும் இழுத்துட்டு வந்துருவேன். நா இல்லாட்டி அவ பாட்டையெல்லாம் மறந்துருவாங்கய்யா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவ வந்து சாப்புடுங்க."

"வர்றேம்மா" என்றேன்.

3. ஒரே மதியம், இரண்டு சாப்பாடு

அந்த ஞாயிறு மூப்பருடைய சொந்த முறை. முதல் நாளே போன் எடுத்து, சலோமிக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். "ஒங்களுக்குன்னே சேவல் வளத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு லைனை வெட்டினார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தேன். ஒரு பக்கம் மூப்பரின் கை நீண்டது. மறுபக்கம் சலோமியின் கை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் பையைச் சலோமியிடம் கொடுத்தேன். குடையை மூப்பர் கையில் வைத்தேன்.

"இதத் தேடிக்கிட்டு பின்னால ஒங்க வீட்டுக்கு வர்றேன் மூப்பரே. சேவல வச்சிருங்க."

"ஐயருகிட்டச் சொல்லி ஒங்க பேர பிளான்லருந்து எடுக்க வைக்கலன்னா நா ஞானமுத்து இல்ல" என்று போனார். குடையை மட்டும் கீழே போடவில்லை.

சலோமி வீட்டு இஸ்தோப்பு, முன் திண்ணை, கழுவி விட்டிருந்தது. சுவரில் மாரியம்மன் படம், அதற்குப் பக்கத்தில் எங்கள் சபைக் காலண்டர், கீழே ஆணியில் தப்பு. முனியாண்டி எழுந்து நின்றார்.

"நீங்க செபம் பண்ணிட்டுச் சாப்புடுங்க. நா வெளிய நிக்கிறேன்."

"ஒங்க வீட்டுல ஒங்கள வெளிய நிக்க வச்சுட்டு எனக்கு எப்பிடிங்க சோறு எறங்கும்? ஒக்காருங்க."

உட்கார்ந்தார். தேங்காய்ப்பால் விட்ட பலாக்கொட்டைக் கறி, நெத்திலிப் பொரியல், முருங்கைக்கீரை. சலோமி நான் வைக்கிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த சாப்பாட்டுக்கு இடம் வைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை கழுவும்போது முனியாண்டியிடம் ஜெனியைப் பற்றிக் கேட்டேன். "பாப்போங்க" என்றார்.

அங்கிருந்து மூப்பர் வீடு. அவர் வெற்றிலையை மென்றுகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எஸ்தரம்மாதான் பீங்கான் தட்டு நிறையச் சோற்றைப் போட்டுச் சேவல் கறியை ஊற்றினார். மெதுவாகக் கேட்டார்.

"அங்க என்னங்கய்யா கறி?"

"பலாக்கொட்டை."

"பால் விட்டா?"

"ஆமாங்க."

"அது அவ அம்மா கைப்பக்குவம். நானும் அந்த அம்மாவும் ஒரே நெரையில கொழுந்தெடுத்தோம். மலையில ஒரே டப்பாவுலதாங்கய்யா ரொட்டி தின்போம். கீழ எறங்கி வந்தாத்தான் இந்த வழக்கெல்லாம்."

மூப்பர் இருமினார். எஸ்தரம்மா காதில் வாங்காமல் எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் மிச்சம் வைக்காமல் தின்றேன். எழுந்து நடந்தால் போதும் என்றிருந்த நிலையில் குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

மறுநாள் ஐயர் போன் பண்ணினார். "ரெண்டு வீட்டிலயும் சாப்பிட்டீங்களா?"

"ஆமாங்கய்யா."

"வயிறு எப்படி இருக்கு?"

"சரியில்லீங்க."

"அதுவே போதுமான தண்டனை" என்று வைத்துவிட்டார். என் பேர் பிளானிலேயே இருந்தது.

4. அடுத்த மாதம்

குடையில்லாமல் நனைந்துகொண்டுதான் மேல் டிவிஷனுக்கு ஏறினேன். கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. முதல் பாட்டைத் தொடங்கினோம். தூக்கிக் கொடுக்க ஆளில்லாமல் இழுத்துக்கொண்டு போனது. சலோமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியும் வீணாகிவிட்டதே என்று எனக்குத் துக்கமாக வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் சேர்ந்தது. ஜெனி. தலையெல்லாம் ஈரம். வெளியே மழையில் முனியாண்டி நின்றிருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தேன். யாரும் பையை வாங்க வரவில்லை. மூப்பர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஸ்தரம்மா சத்தம் போட்டார்.

"முனியாண்டி, அங்க என்னத்துக்கு நிக்கிற? பைய வாங்கு. இன்னைக்கு ஒன் மொறைன்னு நேத்தே சொல்லிவிட்டேன்ல?"

முனியாண்டி கைகளை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டார்.

சோறு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. முனியாண்டியே ஆக்கினது. சாப்பிட உட்கார்ந்ததும் ஜெனி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். திரையில் குவைத்திலிருந்து சலோமி.

"பருப்பு ஊத்திக்கங்கய்யா. ஜெனி, அப்பளத்த எடுத்து வை புள்ள." அங்கிருந்தே பந்தி விசாரித்தார்.

அந்த நேரத்தில் இஸ்தோப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. மூப்பர், கையில் என் குடையோடு. "இத வச்சுட்டுப் போயிட்டீங்க" என்று வாசலுக்கு வெளியிலேயே நின்றார். சாப்பிடச் சொல்லி முனியாண்டி கூப்பிட்டார். "இன்னொரு நாளைக்கு" என்றார். ஜெனி ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். மூப்பர் அந்தக் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

போனில் சலோமி அதைப் பார்த்துவிட்டார். "யாரு, மூப்பரய்யாவா? ஏ ஜெனி, அவருக்குச் சீனி வியாதி புள்ள, சீனி போடாத!"

மூப்பர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "போட்டுட்டாம்மா" என்றார். "பரவால்ல. இன்னைக்கு ஒரு நாளைக்கு." நின்றபடியே முழுவதையும் குடித்து முடித்தார். திரையில் சலோமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு என்ன பிரசங்கம் பண்ணினேன் என்று எனக்கு இப்போது சுத்தமாக நினைவில்லை. அதனால் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், எந்த வீட்டுக்கு இன்னும் பை போகவில்லை என்று கேளுங்கள். குடையை எங்கேயாவது மறந்து வைத்தால் பரவாயில்லை. யாராவது கொண்டுவந்து தருவார்கள்.