தங்கையின் மவுத்கார்டு

எனக்கு முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு. தங்கைக்கும் அப்படித்தான் இருந்தன. அவளுக்குப் பதினைந்து வயதானபோது காரைக்குடியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போய்க் கம்பி போட்டார்கள். எனக்கு அப்போது பதினேழு.

"எனக்கு மட்டும் ஏம்ப்பா போடல?" என்று கேட்டேன்.

"ஒனக்கு அந்த வயசுல நமக்கு இதெல்லாம் தெரியாதுத்தா" என்றார் அப்பா. இரண்டு வருடத்தில் அப்படி என்ன தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை.

இருவரும் ஒரே பள்ளி, ஒரே கபடி அணி. அவள் பாடிப் போவாள், நான் பிடிப்பேன். பாடிப் போகிறவளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டு எழுகிறவளை யார் பார்க்கிறார்கள்?

கம்பியோடு கபடி ஆடினால் ஒரு முழங்கை பட்டாலே உதடு கிழிந்துவிடும் என்று டாக்டரம்மா பயமுறுத்தினார். தங்கையின் வாய்க்குள் பிசின் போன்ற எதையோ வைத்து அளவெடுத்தார். ஒரு வாரம் கழித்து, பல்வரிசையை மூடி மாட்டிக்கொள்கிற மவுத்கார்டு நீல நிறத்தில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவள் சிரித்தபோது டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஆடுறியாம்மா? அப்ப ஒனக்கும் ஒன்னு வேணுமே."

அப்பா முந்திக்கொண்டார். "இவ புடிக்கிறவதான டாக்டர். பெறகு பாத்துக்கலாம்."

விளையாட்டுச் சாமான் கடையில் நானே ஒன்று வாங்கினேன். சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, கடித்து, நம் பல்லுக்குப் படிய வைக்கிற வகை. அது எனக்குச் சரியாகவே படியவில்லை. வாயில் வைத்தால் குமட்டியது. தூக்கி எறிந்துவிட்டு வெறும் வாயோடுதான் ஆடினேன்.

ஒரு போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். தங்கை குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய டப்பாவைத் திறந்து மவுத்கார்டை என் வாயில் வைத்துப் பார்த்தேன். ஏறவில்லை. அவளுடைய ஒவ்வொரு பல்லுக்கும் அதில் இடம் இருந்தது. அடுப்பில் உலைத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு டம்ளரில் மொண்டு அதற்குள் போட்டேன். எனக்குப் பொருந்த வைக்கவா, கெடுக்கவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். கொஞ்ச நேரத்தில் அது அப்பளம் மாதிரி சுருண்டது. பயந்துபோய் விரலால் அழுத்தி நிமிர்த்தி டப்பாவில் வைத்து மூடினேன்.

மறுநாள் மைதானத்தில் டப்பாவைத் திறந்தவள், "அக்கா, இது என்னமோ மாதிரி இருக்கு, பாரேன்" என்றாள்.

"வெயில்ல வச்சிருப்ப" என்றேன்.

பி.டி. டீச்சர் தயங்கினார். "அது சேரலேன்னா நீ எறங்க வேணாம்."

"சேருது டீச்சர்" என்று அவள் அதை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதை வைத்துக்கொண்டு அவளால் 'கபடி' என்றே சொல்ல முடியவில்லை. மூன்றாவது முறை பாடப் போகும்போது அதைப் பிடுங்கிக் கோட்டுக்கு வெளியே எறிந்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி அவளை மறித்து விழுந்தாள். அந்தப் பெண்ணின் முழங்கை நேராகத் தங்கையின் வாயில் இடித்தது. அவள் எழுந்தபோது சட்டையெல்லாம் ரத்தம்.

டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து திறந்தார். உதட்டின் உள்பக்கம் கம்பியில் மாட்டிக் கிழிந்திருந்தது. நான்கு தையல். ஒரு முன்பல் ஆடியது. "கம்பி புடிச்சு வச்சிருக்கு. இல்லேன்னா பல்லு கையோட வந்திருக்கும்" என்றவர், டீச்சர் கொடுத்த மவுத்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு சுடுதண்ணியில போட்டது?"

"யாரும் போடலியே டாக்டர். நீங்கதான் பச்சத்தண்ணியில கழுவணும்னு சொன்னீகளே" என்றாள் அம்மா.

"நாந்தான் போட்டேன்" என்றேன்.

அப்பாவின் கை ஓங்கியது, அப்படியே இறங்கியது. "ஏத்தா இப்படிப் பண்ணுன?"

"எனக்கும் ஒன்னு வேணுமான்னு வீட்டுல யாரும் கேக்கலியே."

அம்மா தங்கையின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு ஐஸ்கிரீமை ஸ்பூனால் ஊட்டினாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தத் தையலைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

தையல் ஆறி வெகு நாள் வரை தங்கை என்னோடு பேசவில்லை. பேசியபோது, "கேட்டிருந்தா அப்பாக்கிட்ட நானே சொல்லியிருப்பேன்ல?" என்றாள். அவள் சொல்லித்தான் எனக்குக் கிடைக்கும் என்பதுதான் என் கோபமே என்று அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. அப்பா இருவரையும் கூட்டிப்போய் அளவெடுக்க வைத்தார். எனக்கு வந்தது அச்சாகப் பொருந்தியது. அதைப் போட்ட பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் எதிராளியைப் பிடிக்கப் பழகினேன்.

அடுத்த வருடம் மாவட்ட அணிக்கு அவளை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. சிவகங்கையில் நடந்த ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்மணி ஒருத்தர், "யாரு வீட்டுப் புள்ள இது?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "எந் தங்கச்சி" என்றேன்.

"அட! அப்ப நீ ஆடலியாத்தா?"

நான் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.